அவைக்குள் சொன்ன சொல்: மேற்கோளுக்கு ஒப்புதல் கேட்கும் வழக்கத்தின் வரலாறு

ஒருவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துத் தம் நூலிலோ கட்டுரையிலோ பயன்படுத்துவதற்கு முன் அவரிடம் ஒப்புதல் கேட்க வேண்டும் என்னும் வழக்கம், இணையக் குழு உரையாடல்கள் பெருகிய பிறகு புதிதாக முளைத்ததுபோலப் பேசப்பட்டாலும், அதன் வேர் கையால் கடிதம் எழுதிய காலத்தில் இருக்கிறது. சொன்ன சொல் யாருக்குச் சொந்தம் என்பதும், அது யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்குச் சட்டம் ஓரளவு விடை தந்திருக்கிறது. இரண்டாவதைச் சட்டம் பெரும்பாலும் விட்டுவிட்டதால், அதற்கான விடையைக் கூடிப் பேசிய மனிதர்களே வழக்கமாக வகுத்துக்கொண்டனர். எவரும் படிக்கக்கூடிய இடத்தில் ஒன்று எழுதப்பட்டிருப்பதும், அது எல்லோருக்கும் சொல்லப்பட்டிருப்பதும் ஒன்றல்ல என்ற வேறுபாடு இந்த வரலாறு முழுவதிலும் திரும்பத் திரும்ப மறக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் யாரோ சிலர் புண்பட்ட பின்னரே நினைவுகூரப்பட்டது.

சட்டம் தந்த முதல் விடை 1741ஆம் ஆண்டு இலண்டனில் கிடைத்தது. கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கும் எட்மண்ட் கர்ல் என்னும் பதிப்பாளருக்கும் இடையிலான பகை அதற்குள் இருபத்தைந்து ஆண்டு பழமையானது. போப் இளமையில் ஹென்றி குரோம்வெல் என்ற நண்பருக்கு எழுதிய கடிதங்களைக் கர்ல் 1726இல் அவருடைய அனுமதியின்றி அச்சிட்டு விற்றிருந்தார். 1741இல் போப்புக்கும் ஜோனதன் ஸ்விஃப்டுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தையும் அவர் நூலாக்கியபோது, போப் சான்சரி நீதிமன்றத்தை நாடினார். கடிதம் என்பது எழுதியவர் பெற்றவருக்கு அளித்த பரிசு, பரிசைப் பெற்றவர் அதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று கர்ல் தரப்பு வாதிட்டது. சான்சலராக இருந்த ஹார்ட்விக் பிரபு அந்த வாதத்தைப் பாதிதான் ஏற்றார். கடிதத்தைப் பெற்றவருக்கு அந்தத் தாளின்மீது உரிமை இருக்கலாம், ஆனால் அதில் எழுதப்பட்ட சொற்களை உலகுக்கு வெளியிடும் உரிமை அதனால் அவருக்கு வந்துவிடாது என்பதே அவருடைய முடிவு.

தாள் ஒருவருக்கும் சொல் இன்னொருவருக்கும் உரியது என்று பிரித்த இந்தத் தீர்ப்பு, எழுத்தாளர் உரிமையின் வரலாற்றில் ஒரு பெரிய திருப்பம். அதன் எல்லையும் கவனிக்கத் தக்கது. போப் தாம் எழுதிய கடிதங்களுக்குத்தான் தடையாணை பெற முடிந்தது. ஸ்விஃப்ட் அவருக்கு எழுதிய கடிதங்களுக்கு அவர் உரிமை கோர முடியவில்லை. ஓர் உரையாடலில் இருவர் பேசியிருந்தால் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு மட்டுமே ஒப்புதல் தரலாம் என்னும் நியதி அன்றே வகுக்கப்பட்டுவிட்டது. பத்துப் பேர் பேசிய உரையாடலிலிருந்து மேற்கோள் எடுக்க விரும்புபவர் ஒருவரிடம் மட்டும் கேட்டால் போதாது என்று இன்று சொல்லப்படுவதற்கு முன்னோடி இதுவே. 1735இல் வெளியான தம் கடிதத் தொகுதி கர்லின் கையில் சிக்கும்படி மறைவாக ஏற்பாடு செய்தவர் போப்பேதான் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் நிறுவியிருக்கின்றனர். திருத்திய பதிப்பைத் தாமே வெளியிட அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. வழக்குத் தொடுத்தவரின் நோக்கம் முழுத் தூய்மையானதாக இல்லை என்பதால் வழக்கில் பிறந்த நெறியின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்கள் தொடர்பான 1841ஆம் ஆண்டு வழக்கில் நீதிபதி ஜோசப் ஸ்டோரி இதே நெறியை உறுதிப்படுத்தினார். பிறர் எழுத்திலிருந்து எவ்வளவு எடுத்தாள்வது நியாயம் என்பதற்கான அளவுகோல்களும் அதே தீர்ப்பிலிருந்துதான் வளர்ந்தன. 1987இல் நாவலாசிரியர் ஜே.டி. சாலிஞ்சர், பல்கலைக்கழக நூலகங்களில் இருந்த தம் கடிதங்களைப் பயன்படுத்தி எழுதப்பட்ட வாழ்க்கை வரலாற்றைத் தடுத்து நிறுத்தியபோது, சொல்லுக்குச் சொல் எடுத்ததோடு சொற்களைச் சற்றே மாற்றி அடியொற்றி எழுதியதும் உரிமை மீறல் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. வரலாற்றாசிரியர்கள் கலங்கினர். வெளியிடப்படாத எழுத்து என்ற ஒரே காரணத்தால் நியாயமான எடுத்தாளலை மறுக்க முடியாது என்று 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது.

சட்டத்தின் கதை இவ்வாறு செல்ல, பேச்சின் கதை வேறு வழியில் சென்றது. கடிதத்துக்குத் தாள் உண்டு, வாய்ப்பேச்சுக்கு அது இல்லை. 1920இல் தொடங்கப்பட்ட, சாத்தம் ஹவுஸ் என்று அழைக்கப்படும் இலண்டனின் அரச பன்னாட்டு விவகார நிறுவனம், தன் கூட்டங்களுக்கென 1927இல் ஒரு விதியை வகுத்தது. கூட்டத்தில் கேட்ட செய்தியைப் பங்கேற்றவர்கள் வெளியே பயன்படுத்தலாம், ஆனால் அதைச் சொன்னவர் யார், அவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதை வெளிப்படுத்தலாகாது என்பது அதன் சாரம். கருத்து வெளியே போகலாம், முகம் உள்ளேயே இருக்க வேண்டும் என்னும் இந்த ஏற்பாடு 1992இலும் 2002இலும் செப்பம் செய்யப்பட்டு, இன்று உலகெங்கும் பல கூட்டங்களில் பின்பற்றப்படுகிறது.

முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்னும் நம்பிக்கை எவ்வளவு வலுவற்றது என்பதை 1958இல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு சிற்றூர் காட்டியது. ஆர்தர் விடிச் என்னும் சமூகவியலாளர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்றுக்காக அந்த ஊரில் குடும்பத்தோடு இரண்டரை ஆண்டு தங்கியிருந்து, ஊராரின் வீடுகளிலும் தேவாலயத்திலும் கூட்டங்களிலும் கலந்து பழகி, பின்னர் ஜோசப் பென்ஸ்மனோடு சேர்ந்து ஒரு நூல் எழுதினார். தனிமனிதர் எவரும் அடையாளம் காணப்பட மாட்டார் என்று ஆய்வுத் திட்டத்தினர் ஊராருக்கு வாக்களித்திருந்தனர். நூலில் ஊருக்கு ஸ்பிரிங்டேல் என்று பெயர் மாற்றப்பட்டது, ஊர்ப் பெரியவர்களுக்கும் புனைபெயர்கள் இடப்பட்டன. ஆனால் ஒரே ஒரு ஊராட்சித் தலைவரும் ஒரு சில கடைக்காரர்களும் உள்ள ஊரில், புனைபெயரின் பின்னால் இருப்பவர் யார் என்று ஒவ்வொருவருக்கும் முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிட்டது.

அந்த ஊரார் வழக்குத் தொடுக்கவில்லை. ஜூலை 4ஆம் நாள் விடுதலைத் திருநாள் ஊர்வலத்தில், நூலில் தங்களுக்கு இடப்பட்ட புனைபெயர்களை எழுதிய முகமூடிகளை அணிந்துகொண்டு வண்டியேறி வந்தனர். ஊர்வலத்தின் முடிவில் எரு வாரி இறைக்கும் வண்டியொன்று வந்தது. அதில் நிறைய எரு இருந்தது, அந்த எருவின்மேல் குனிந்தபடி ஓர் உருவபொம்மை நின்றது, அந்த உருவபொம்மை நூலாசிரியரைக் குறித்தது. தம் சமையலறைகளில் அமர்ந்து நட்பாகப் பேசியவர், அந்தப் பேச்சை ஊரின் குறைகளுக்குச் சான்றாக்கிவிட்டார் என்ற காயம் அந்த ஊர்வலத்தில் வெளிப்பட்டது. நூல் பொய் சொல்லிற்று என்பதைவிட, தாங்கள் எதற்காகப் பேசினார்களோ அதற்கு அது பயன்படவில்லை என்பதே ஊராரின் குறை. அதே ஆண்டில் சமூகவியலாளர் வில்லியம் ஃபூட் ஒயிட் தம் பொறுப்பில் இருந்த இதழில் ஆய்வாளரின் சுதந்திரத்தையும் பொறுப்பையும் பற்றித் தலையங்கம் எழுதினார். அதைத் தொடர்ந்து எழுந்த விவாதம் சமூகவியலில் பல ஆண்டு நீடித்தது.

வாய்மொழி வரலாறு என்னும் துறை இச்சிக்கலுக்குச் சீரான ஒரு விடை கண்டது. 1948இல் ஆலன் நெவின்ஸ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டத்தில், பேட்டி எழுத்தில் பெயர்க்கப்பட்டதும் அந்தப் படி பேசியவரிடமே திருப்பி அனுப்பப்பட்டது. அவர் அதைப் படித்து, திருத்தி, எந்த நிபந்தனையின்கீழ் பிறர் அதைப் பார்க்கலாம் என்று கையெழுத்திட்ட பிறகே அது ஆவணக் காப்பகத்துக்குள் சென்றது. தம் பேச்சைத் தாமே அச்சில் பார்த்து, ஆம் இது நான் சொன்னதுதான், இதை வெளியிடலாம் என்று ஒருவர் சொல்வதற்கு வாய்ப்பளிப்பது ஒப்புதலின் மிக முழுமையான வடிவம் என்றே கொள்ள வேண்டும்.

கடிதத்தின் நிலைத்தன்மையும் வாய்ப்பேச்சின் இயல்பும் ஒன்றாகக் கலந்த ஒரு புதிய எழுத்து வகை கணினி வலைப்பின்னலோடு பிறந்தது. 1985இல் ஸ்டூவர்ட் பிராண்டும் லாரி பிரில்லியன்டும் கலிபோர்னியாவின் சாசலிட்டோவில் வெல் என்னும் கணினி உரையாடல் சமூகத்தைத் தொடங்கினர். தொலைபேசி வழியாக இணைந்தவர்கள் மாதம் 8 டாலரும் மணிக்கு 2 டாலரும் கட்டணம் செலுத்தி, குழந்தை வளர்ப்பிலிருந்து இசை வரை தனித்தனிக் கூடங்களில் எழுதி உரையாடினர். உறுப்பினர் உள்ளே நுழையும்போதே, அவருடைய சொற்கள் அவருக்கே உரியவை என்ற வாசகத்தைக் கண்டார். அங்கு எழுதப்படும் அவதூறுகளுக்காகத் தாம் நீதிமன்றம் ஏற நேரக்கூடாது என்று கருதிய பிராண்ட், சொன்னதற்குச் சொன்னவரே பொறுப்பு என்னும் பொருளில்தான் அதை எழுதினார்.

உறுப்பினர்களோ அதற்கு வேறொரு பொருள் கொண்டனர். சொல் என்னுடையது என்றால் என்னைக் கேளாமல் அதை எவரும் வெளியே எடுத்துச் செல்ல முடியாது என்று அவர்கள் படித்தனர், அந்த வாசிப்பே வழக்கமாக நிலைத்தது. பத்திரிகையாளர்கள் நிறைந்திருந்த சமூகமாதலால், ஒருவர் எழுதியதைச் செய்தியில் எடுத்தாள விரும்புபவர் முதலில் அவருக்குத் தனி மடல் எழுதிக் கேட்பது மரியாதையாகக் கருதப்பட்டது. பொறுப்பைச் சுமத்தப் பிறந்த வாசகம் உரிமையைக் காக்கும் வாசகமாக மாறிய இந்த மாற்றத்தை எந்தச் சட்டமன்றமும் செய்யவில்லை. நாள்தோறும் கூடிப் பேசியவர்கள் செய்தனர். தான் எழுதியதைத் தானே அழிக்கும் வசதியும் அங்கு இருந்தது, அழித்த இடத்தில் அழிக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும் எஞ்சும். உறுப்பினர் ஒருவர் பல ஆண்டுகளாகத் தாம் எழுதிய அனைத்தையும் ஒருசேர அழித்தபோது, மற்றவர்களின் பதில்கள் கேள்வியற்று நின்றன. தம் சொல்லை அழிக்க அவருக்கு உரிமை உண்டா, அல்லது உரையாடல் எல்லோருக்கும் பொதுவா என்ற வாக்குவாதம் அங்கு நெடுநாள் நடந்தது. போப் வழக்கில் ஹார்ட்விக் பிரபு பிரித்துக் கொடுத்ததைப் போல இதைப் பிரித்துவிட எவராலும் முடியவில்லை.

வெல் வாயிற்கதவு உள்ள வீடு என்றால், 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்கோட்டும் ஜிம் எல்லிஸும் திட்டமிட்ட யூஸ்நெட் ஊர்ப் பொதுத்திடல். தலைப்பு வாரியாகப் பிரிந்த செய்திக் குழுக்களில் எவரும் எழுதலாம், எவரும் படிக்கலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருந்த தமிழர்கள் ரோமன் எழுத்தில் தமிழை எழுதி வாதிட்ட சோக்.கல்ச்சர்.தமிழ் அவற்றுள் ஒன்று. கணினிகளின் சேமிப்பிடம் சிறியதாக இருந்ததால் அங்கு எழுதியவை சில நாளிலோ சில வாரத்திலோ நீக்கப்பட்டன. எழுதியவர்கள் காற்றில் பேசுவதுபோல எழுதினர். 1995 அக்டோபரில் வெளியான இணைய நாகரிக நெறிகளின் தொகுப்பு, தனிப்பட்ட முறையில் தமக்கு வந்த மடலை ஒரு குழுவில் இட விரும்புபவர் முதலில் எழுதியவரின் அனுமதியைக் கேட்க வேண்டும் என்றும், பிறர் மடலை மறுபடி இடும்போது அதன் சொற்களை மாற்றலாகாது என்றும் எழுத்தில் வைத்தது. பழகிவந்த வழக்கம் இவ்வாறு விதியின் உருவம் பெற்றது.

அதே 1995இல் டெஜா நியூஸ் என்னும் நிறுவனம் யூஸ்நெட் செய்திகளைச் சேமித்து, எவரும் தேடும்படி திறந்துவைத்தது. ஒருவரின் பெயரை இட்டால் அவர் எந்தெந்தக் குழுக்களில் என்னென்ன எழுதினார் என்பது வரிசையாக வந்து நின்றது. சேமிக்க வேண்டாம் என்று செய்தியின் தலைப்பில் குறிக்கும் வழி பின்னர் ஏற்பட்டது, ஆனால் ஏற்கெனவே எழுதியவர்களுக்கு அது உதவவில்லை. 2001 பிப்ரவரியில் அந்தச் சேமிப்பைக் கூகுள் வாங்கியது. டொரோன்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் ஹென்றி ஸ்பென்சர் பாதுகாத்து வைத்திருந்த 141 காந்த நாடாக்களில் இருந்த 1980களின் செய்திகளும் அவ்வாண்டின் இறுதியில் அதனோடு சேர்க்கப்பட்டன. வரலாற்றாசிரியருக்கு இது பெரும் புதையல் என்பதில் ஐயமில்லை. இருபது வயதில் இருபது பேரை மனத்தில் வைத்து எழுதிய ஒருவரிடம், நாற்பது வயதில் உலகமே அதைப் படிக்க ஒப்புதல் உண்டா என்று எவரும் கேட்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

ஆய்வாளர்கள் இதற்குள் இரு பக்கமாகப் பிரிந்திருந்தனர். 1992 முதல் 1994 வரை ஃபே சட்வீக்ஸ், ஷைசாஃப் ரஃபேலி ஆகியோர் ஒருங்கிணைத்த பன்னாட்டு ஆய்வுத் திட்டம் ஒன்று, பொதுக் குழுக்களில் இடப்பட்ட செய்திகளைப் பதிவு செய்யவும் பகுத்தாராயவும் முன் அனுமதி தேவையில்லை, ஆனால் எழுதியவரை அடையாளம் காட்டலாகாது என்று நெடிய விவாதத்துக்குப் பின் முடிவு செய்தது. 1996இல் ஸ்டார்ம் கிங் எழுதிய கட்டுரை வேறொரு கோணத்தைத் திறந்தது: ஒரு குழுவுக்குள் நுழைவது எவ்வளவு எளிது என்பது ஓர் அளவு, அங்கே பேசுபவர்கள் தாம் எவ்வளவு தனிமையில் பேசுவதாக உணர்கிறார்கள் என்பது வேறோர் அளவு. நோயாலும் துயராலும் வாடுவோர் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லும் குழுக்களில் இந்த இரண்டாம் அளவையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்பது அவருடைய வாதம். ஸ்பிரிங்டேல் ஊரார் முகமூடி அணிந்து சொன்னதை அவர் ஆய்வுமொழியில் சொன்னார்.

பெயரை மறைத்தால் போதும் என்ற வாதம் தேடுபொறிகள் வளர்ந்ததும் முற்றிலும் தகர்ந்தது. 2001இல் கன்தர் ஐசன்பாக், ஜேம்ஸ் டில் ஆகியோர் பிரித்தானிய மருத்துவ இதழில் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினர். ஒரு நோயாளி குழுவில் எழுதிய வரியை அப்படியே மேற்கோள் காட்டினால், படிப்பவர் அந்த வரியைத் தேடுபொறியில் இட்டு, எழுதியவரின் முகவரியையே கண்டுபிடித்துவிட முடியும். சொல்லை மாற்றாமல் எடுப்பது நேர்மையின் அடையாளம் என்று காலங்காலமாகக் கற்பிக்கப்பட்டிருக்க, அந்த நேர்மையே இங்கே காட்டிக்கொடுப்பதாகியது. அடுத்த ஆண்டு இணைய ஆய்வாளர் சங்கம் சார்ல்ஸ் எஸ் தலைமையிலான குழுவின் வழியாகத் தன் முதல் அறநெறி ஆவணத்தை வெளியிட்டது. எல்லா இடத்துக்கும் ஒரே விதி வகுக்காமல், அந்த இடத்தில் பேசுபவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள், அவர்கள் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்று ஆய்வாளரைத் தாமே கேட்டுக்கொள்ள வைத்தது அது.

ஒப்புதல் கேட்பது நடைமுறையில் எவ்வளவு கடினம் என்பதையும் மறைக்கலாகாது. ஜேம்ஸ் ஹட்சன், ஏமி புரூக்மன் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அரட்டை அறைகளுக்குள் நுழைந்து, இங்கு நடப்பதைப் பதிவு செய்கிறோம் என்று அறிவித்துப் பார்த்தனர். அவ்வாறு அறிவித்த அறைகளில் 63.3 விழுக்காட்டில் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். விருப்பமுள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று சொன்ன அறைகளில் இருந்த 766 பேரில் 4 பேர் மட்டுமே இசைந்தனர். கேட்டால் கிடைக்காது, ஆகவே கேளாமலே எடுக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. அது தவறான முடிவு. அந்த எண்கள் அறைக்குள் இருந்தவர்கள் தங்கள் பேச்சை எங்கே வைத்திருந்தார்கள் என்பதைத்தான் காட்டுகின்றன. மேலும், ஆயிரம் பேர் பேச்சைப் புள்ளியியல் முறையில் எண்ணுவதும், ஒருவர் சொன்ன வரியை மேற்கோள் குறிக்குள் நிறுத்துவதும் வேறுவேறு செயல்கள். முன்னதற்கு எல்லோரையும் கேட்பது இயலாது போகலாம், பின்னதற்கு ஒரே ஒருவரைக் கேட்டால் போதும்.

கேட்க முடியாதபோது மேற்கோளைத் தவிர்த்து, கருத்தை வேறு சொற்களில் சொல்வது இப்போது பரிந்துரைக்கப்படும் வழி. சாலிஞ்சர் வழக்கில் உரிமை மீறலாகக் கருதப்பட்ட அதே செயல், இங்கே பேசியவரைக் காக்கும் கவசமாகியிருக்கிறது. ஆனால் எல்லோரும் மறைக்கப்பட விரும்புவதில்லை. இணையத்தில் கதையும் கலையும் படைப்பவர்களில் பலர் தம் பெயரோடு மேற்கோள் காட்டப்படவே விரும்புவர் என்றும், கேளாமல் பெயரை நீக்குவது அவர்களுக்குரிய பெருமையைப் பறிப்பதாகும் என்றும் புரூக்மன் சுட்டினார். 2008இல் தொடங்கிய, ரசிகர் படைப்புகளை ஆராயும் ஓர் ஆய்விதழ், ரசிகர்கள் எழுதியதை மேற்கோள் காட்டுமுன் அவர்களிடம் அனுமதி பெறுமாறு கட்டுரையாளர்களை வலியுறுத்துகிறது. பெயர் வேண்டுமா வேண்டாமா என்பதையும் கேட்டால்தான் தெரியும்.

இந்த வழக்கம் அதிகாரத்தில் இருப்போருக்குக் கேடயமாகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் நியாயமானதே. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1994இல் அந்தக் கோட்டை வரைந்தது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான அந்த வழக்கில், ஒருவருடைய அந்தரங்க வாழ்வைப் பற்றி அவர் இசைவின்றி வெளியிடலாகாது, ஆயினும் பொது ஆவணங்களில் உள்ளவற்றை இசைவின்றியும் வெளியிடலாம், பொதுப் பணியாளர்கள் தம் கடமை சார்ந்த செயல்களுக்கு இந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது என்று நீதிமன்றம் கூறியது. அமைச்சர் மேடையில் பேசியதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. புற்றுநோயோடு போராடும் பெண் தன்னைப் போன்றவர்களிடம் நள்ளிரவில் எழுதியதற்குக் கேட்கத்தான் வேண்டும்.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தனிநபர் தரவுக்குப் பொருந்தாது. பொதுவெளியில் இருப்பதும் எல்லோருக்கும் சொல்லப்பட்டதும் ஒன்றே என்னும் பழைய மயக்கம் இந்தியச் சட்டத்தில் இவ்வாறு இடம்பெற்றுவிட்டதால், வேறுபாட்டைக் காக்கும் பொறுப்பு மேற்கோள் காட்டுபவரையே சேர்கிறது. ஆகவே குழு ஒன்றில் படித்த வரியைத் தம் கட்டுரையில் சேர்க்க எண்ணும் ஆய்வு மாணவரும் இதழாளரும், அந்த வரியையும் அது எங்கே, எதற்காக, எந்தப் பெயரில் வெளியாகும் என்பதையும் எழுதியவருக்கு மடலிட்டுத் தெரிவித்து, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று பதில் வந்தால் அந்த வரி இல்லாமலே கட்டுரையை முடிக்க வேண்டும்.